முகப்புக்கு வந்தவங்கள நேரா ஸ்கிரிப்டுக்கு அனுப்பறது எப்படிங்க?

கேள்வி: எங்க பனியன் கம்பெனி வெப்சைட்ட நாந்தான் பாத்துக்கறனுங்க. உள்ள வந்தா இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் தான் தொறக்குது, அதுக்குப் பதிலா சிஜிஐ-பின் ஃபோல்டர்ல (சர்வர்ல ஓடற புரோகிராம்கள வெக்கற எடம்) இருக்கற பெர்ல் ஸ்கிரிப்ட் தானா ஓடோணும். மெட்டா ரெஃப்ரெஷ் (பக்கத்துக்குள்ள எழுதி வேற பக்கத்துக்குத் தாவ வெக்கற வரி) போட்டா வெள்ளைப் பக்கம் ஒண்ணு மின்னிட்டுப் போகுது. என்ன பண்றதுங்க?
- வாசகர், திருப்பூர்

பதில்: மெட்டா ரெஃப்ரெஷ மொதல்ல எடுத்துருங்க. உங்க வெப்சைட் அப்பாச்சிங்கற சர்வர் மென்பொருள்ல ஓடுதுன்னா ரீடைரக்டே (வேற அட்ரஸுக்குத் திருப்பி விடறது) வேண்டியதில்லைங்க, டைரக்டரிஇண்டெக்ஸ்னு ஒரு கட்டளை இருக்கு, அதுல எழுதற பேருகள வரிசையா தேடி எது மொதல்ல கெடைக்குதோ அதத்தான் சர்வர் குடுக்கும், அந்த எடத்துல சிஜிஐ-பின் ஸ்கிரிப்டோட பாதையவும் முன்னால ஸ்லாஷ் வெச்சு எழுதலாம். டாட் எச்டிஆக்சஸ்னு ஃபோல்டர்ல வெக்கற அமைப்பு ஃபைல்ல அந்த ஒரு வரி போதும், ஆனா ஹோஸ்டிங்காரங்க அலவ்ஓவர்ரைடுங்கற சர்வர் அமைப்புல இண்டெக்ஸஸ்ங்கற அனுமதி குடுத்திருக்கோணும், கேட்டுக்கோங்க. அட்ரஸும் மாறாது, எனக்கு இதுதான் நல்ல வழின்னு படுது.

அட்ரஸே மாறோணும்னா ரீடைரக்ட்மேட்ச்ங்கற கட்டளைல முகப்ப மட்டும் குறிச்சு அனுப்புங்க. வெறும் ரீடைரக்ட் கட்டளைல ஸ்லாஷ் மட்டும் போட்டீங்கன்னா சைட்ல இருக்கற எல்லாமே அதுல மாட்டி, ஸ்கிரிப்டும் சேர்ந்து சுத்திட்டே கெடக்கும். டெஸ்ட் பண்றப்ப 302 (தற்காலிகமாத் திருப்பற எண்) வையுங்க, 301 (நிரந்தரமாத் திருப்பறது) போட்டா பிரவுசர் அத ஞாபகம் வெச்சுக்கும், அப்பறம் மாத்தறது பெரும்பாடு. அப்பாச்சிக்குப் பதிலா என்ஜின்எக்ஸ்ங்கற சர்வர் மென்பொருள்னா எச்டிஆக்சஸ்ஸப் படிக்கவே படிக்காதுங்க, அதோட கான்ஃபிக் ஃபைல்லதான் எழுதோணும்.