மடக்கி மேய்த்தால் இளைக்கும் கிடாரி

சம்பா அறுவடைக்குப் பின் சுற்றிலும் உளுந்து முளைத்திருப்பதால் தம் ஒன்பது மாடுகளையும் ஒரே கொத்தாக மடக்கித் திடலில் மேய்ப்பதாகவும், அவற்றுள் இன்னும் கன்று ஈனாத இளம் பசுவான ஒரு கிடாரி மட்டும் வயிறு ஒட்டியபடியே வீடு திரும்புவதாகவும் எழுதி, திருத்துறைப்பூண்டிப் பகுதி வாசகர் ஒருவர் காரணம் கேட்டிருக்கிறார்.

மாடு கூட்டமாக வாழும் விலங்குதான். ஆனால் நெருங்கி நின்று மேய்வதில்லை. படுத்து அசைபோடும்போது அருகருகே கிடக்கும் மாடுகளே மேயத் தொடங்கியதும் விலகிக்கொள்ளும். புல் அடர்ந்த இடத்தில் இடைவெளி குறையும். கோரையும் அருகம்புல்லும் திட்டுத்திட்டாகக் கிடக்கும் திடலில் கூடும். எவ்வளவு விலகினாலும், மற்ற மாடுகள் கண்ணில் படும் தொலைவைத் தாண்டிப் போவது அரிது.

புல்லைப் போலவே, மந்தைக்குள் எது அடக்குவது எது அடங்குவது என்பதும் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரம் அந்தக் கிடாரியின் தலையை மட்டும் கவனியுங்கள். மூத்த பசு கொம்பைத் திருப்பி அதன் பக்கம் ஓரடி வைத்தாலே, முட்டு விழுவதற்கு முன்பாகவே கிடாரி வாயில் கவ்விய புல்லோடு தலையைத் தூக்கி நகர்ந்துவிடும். சண்டை நடக்காததால் இது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மடக்கி மேய்க்கும்போது இந்த நகர்வு ஓயாமல் நடக்கும். விலகிப் போய் மேய முயன்றாலோ, மேய்ப்பவரின் கோல் அதை மறுபடியும் உள்ளே தள்ளிவிடும். கிடாரி இளைப்பதற்கு இதுவே முதற்காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன்.

மேய்ப்பவர் மந்தையைச் சுற்றி வர வேண்டாம். உளுந்து வயலை ஒட்டிய வரப்பில் மட்டும் நின்று, மற்றப் பக்கங்களில் மாடுகளைப் பரவ விடட்டும். எல்லாப் பக்கமும் உளுந்துதான் என்றால், மந்தையை இரண்டாகப் பிரித்து, கிடாரியை அதனுடன் சேர்ந்து வளர்ந்த மாடுகளோடு தனியே ஓட்டுங்கள். மாடுகள் மும்முரமாக மேய்வது விடியலிலும் பொழுது சாயும் வேளையிலும்தான் என்பதால், வெயில் ஏறிய பிறகு ஓட்டிச் செல்வது பயன் தராது. வீட்டில் வைக்கோலையும் ஒரே குவியலாகப் போடாமல் நீளவாக்கில் பரப்பிப் போடுங்கள். உளுந்து எடுத்த பிறகு, மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை உழவு தொடங்கும் வரை வயல்களிலேயே தாராளமாக விடலாம்.

இடம் கொடுத்த பின்னும் கிடாரி மேயாமல், அசைபோடாமல் ஒதுங்கி நின்றால் அது நோயின் அறிகுறி. வாய்க்கால் ஓரப் புல்லில் நத்தைகள் வழியாகப் பரவும் தட்டைப்புழு டெல்டாவில் சாதாரணமாகக் காணப்படுவது. கழிச்சலோ தாடைக்குக் கீழே வீக்கமோ தெரிந்தால், தாமதிக்காமல் புதுச் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.