ஊசி காட்டும் வடக்கும் கல்முனை வீதியும்

கேள்வி: தையல் ஊசியைச் சட்டக் காந்தத்தால் தேய்த்து, தக்கைத் துண்டில் செருகி, நீரில் மிதக்கவிட்டுத் தரம் 7 மாணவர்கள் திசைகாட்டி செய்தார்கள். சில ஊசிகளின் கூர்முனை வடக்கையும், வேறு சிலவற்றின் கூர்முனை தெற்கையும் நோக்கின. அத்துடன், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குத் தெற்கு நோக்கிச் செல்லும் பிரதான வீதிக்கு எந்த ஊசியும் இணையாக நிற்கவில்லை. செய்முறையில் தவறு உண்டா?
— ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: தவறு பெரும்பாலும் ஊசியில் இல்லை. தேய்க்கும் காந்தமுனைவு ஊசியை விட்டு நீங்கும் இடத்தில் அதற்கு எதிரான முனைவே உண்டாகும். எனவே காதிலிருந்து கூர் நோக்கி, ஒரே திசையில், காந்தத்தின் தென்முனைவால் தேய்த்தவர்களின் ஊசிக்கூர் வடக்கையும், வடமுனைவால் தேய்த்தவர்களின் ஊசிக்கூர் தெற்கையும் நோக்கியிருக்கும். எந்த முனைவால் தேய்ப்பது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

வீதியைப் பற்றிய கேள்விதான் சுவையானது. நம்மில் பலர் கிழக்கே கடல், தெற்கே கல்முனை என்று எண்ணியே வளர்ந்துவிட்டோம். ஆனால் மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையிலான கரையோரம் தென்தென்கிழக்காகச் சாய்ந்து செல்வதால், அதனை ஒட்டிய வீதியும் சரியான தெற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை கிழக்கே விலகியிருக்கிறது. வீதியில் மட்டக்களப்பை நோக்கி நின்றால் ஊசியின் வடக்கு உங்கள் வலப்புறமாக, அதாவது கடற்பக்கமாக, விலகித் தெரிய வேண்டும்; அவ்வாறு தெரிந்தால் ஊசி சரியாகவே வேலை செய்கிறது.

இதனை வெயிலைக் கொண்டே சரிபார்க்கலாம். முற்பகலில் சமதரையில் ஒரு கம்பை நிமிர்த்தி நட்டு, அதன் நிழல் நுனியைக் குறித்து, கம்பை மையமாகவும் நிழலின் நீளத்தை ஆரையாகவும் கொண்டு வட்டம் வரையுங்கள். பிற்பகலில் நிழல் நுனி மீண்டும் அவ்வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறித்து இரு புள்ளிகளையும் இணைத்தால், முதற்புள்ளி மேற்காகவும் மற்றது கிழக்காகவும் அமையும். அக்கோட்டுக்குச் செங்குத்தானதே வடக்கு–தெற்கு. நண்பகல் நிழலை மட்டும் நம்ப வேண்டாம்: மே முதல் ஓகஸ்ட் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், அப்போது நிழல் தெற்கே விழும். காந்த வடக்கும் புவியியல் வடக்கும் நம் பகுதியில் சில பாகை மட்டுமே வேறுபடுவதால், நிழற்கோடும் ஊசியும் ஏறக்குறைய ஒத்துப்போகும். காந்த நடுக்கோடு, அதாவது புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு, இலங்கைக்கு அருகே செல்வதால், உயர் அகலக்கோட்டு நாடுகளில் போல ஊசியின் ஒரு முனை கீழே இழுக்கப்படும் தொல்லையும் நமக்கு இல்லை.

இன்னும் சில: காந்த ஊசிகள் ஒன்றையொன்று இழுப்பதால் பாத்திரங்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள், இரும்புக்கால் மேசையும் கைபேசியும் அருகில் இருக்கக் கூடாது. தக்கை ஓரத்தில் ஒட்டிக்கொண்டால், நீர் விளிம்புக்குச் சற்று மேலே புடைக்கும்வரை பிளாஸ்டிக் பாத்திரத்தை நிரப்புங்கள். தக்கை தானாகவே நடுவுக்கு வந்துவிடும்.