அந்த ஷோ ஜனவரி வரை தாங்குமா?

கேள்வி: 2023ல இங்க மும்பை பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ்ல (பிகேசி) ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பாத்ததுலேர்ந்து மியூசிக்கல், அதாவது பாட்டும் நடனமுமா போற மேடை நாடகம்னா பைத்தியம் எனக்கு. ஜனவரி கடைசில நியூயார்க்ல பையன்கிட்ட போறேன், நான் ஆசப்பட்ட ஷோ தள்ளாடுதுங்கறான். எப்ப மூடுவாங்கன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: ஓரளவுக்கு முடியும்ங்க. நியூயார்க்கோட பெரிய நாடகத் தியேட்டர்கள் இருக்கற பிராட்வேல ஷோக்களோட வசூல் வாராவாரம் வெளில வந்துடும். அதுல ஹால் எவ்ளோ ரொம்புச்சுன்னு மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க, சராசரி டிக்கெட் விலைய பாருங்க, 90 சதவீதம் ரொம்பியும் விலை இறங்கிக்கிட்டே போனா தள்ளுபடில ஆள் சேக்குறாங்கன்னு அர்த்தம், ஆனா நடிகர் சம்பளம், ஆர்கெஸ்ட்ரா, வாடகை, விளம்பரம்னு வாரச் செலவு மட்டும் பெருசா குறையாது. வசூல் ஒரு அளவுக்கு கீழ போனா தியேட்டர் ஓனரே காலி பண்ண சொல்லலாம்னு பொதுவா ஒப்பந்தத்துல ஷரத்து இருக்கும், அந்த மேடைக்கு வேற ஷோ காத்திருந்தா கதை சீக்கிரம் முடிஞ்சிடும்.

கிறிஸ்துமஸ் கூட்டம் போனதும் ஜனவரிதான் பெரிய கண்டம். நம்ம ரஹ்மானோட ‘பாம்பே ட்ரீம்ஸ்’ லண்டன்ல ரெண்டு வருஷம் ஓடிச்சு, பிராட்வேல 2004 ஏப்ரல்ல ஆரம்பிச்சு 2005 ஜனவரி 1 அன்னிக்கே மூடிட்டாங்க, எனக்கு இன்னும் மனசு ஆறல.

பிராட்வேல 35 வருஷம் ஓடின ‘ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’வையே 2023ல அங்க நிறுத்திட்டாங்களே! மூடறோம்னு சொன்னதும் டிக்கெட் பறந்து, பிப்ரவரில நடக்க இருந்த கடைசி ஷோ ஏப்ரலுக்கு தள்ளிப் போச்சு.

உங்க ஷோவுக்கு மார்ச், ஏப்ரல் டிக்கெட் விக்கிறாங்களான்னு பையன பாக்க சொல்லுங்க. இல்லன்னா பயணத்த டிசம்பருக்கே மாத்திடுங்க.