பொது அண்டா

அன்புள்ள அண்ணனுக்கு,

‘பாகப்பிரிவினை’ படம் பார்த்தேன். பட்டம் எடுக்கப் போன சிறுவனை மின்சாரம் தாக்கிக் கை கால் விளங்காமல் போகிறது. பிற்பாடு இன்னொரு மின் அதிர்ச்சியில் சரியாகிறது. பங்காளிப் பகையைச் சொல்லும் நல்ல கதைக்குள் இப்படித் திடீர்த் துயரங்களைத் திணிப்பது மிகைதானே?

ஆர்., காரைக்குடி

அன்புள்ள தம்பி,

மின்சாரத்தை விட்டுவிடுவோம். மருத்துவப்படி அது நிற்காது, சரி. ஆனால் படத்தின் இயக்குநர் பீம்சிங்கே 1965-ல் இதை இந்தியில் ‘கான்தான்’ என்று மறுபடி எடுத்தார். மின்சாரத்துக்காகவா எடுத்திருப்பார்? நடிகர்கள் சுப்பையாவும் பாலையாவும் அண்ணன் தம்பியாக வாழ்ந்த வீட்டின் நடுவில் ஒரு சுவர் எழும்புகிறதே, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. காரைக்குடியில் இருந்துகொண்டு அதை எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள்?

நம் செட்டிநாட்டு வீடுகளில் சுவர் தேவைப்படவில்லை. கல்யாணமானதும் மகனை வேறு வைத்துவிடுவோம். நடு முற்றமான வளவு ஒன்றுதான், ஆளுக்கொரு அடுப்பு, வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சண்டை வராமலிருக்கப் பெரியவர்கள் கண்ட வழி, நல்ல வழிதான். ஆனால் பேச்சு நின்றுபோனால் வெளியே தெரியாது. அடுப்புதான் ஏற்கெனவே தனியாயிற்றே.

என் அப்பச்சியும், அதாவது அப்பாவும், சித்தப்பாவும் 11 வருடம் பேசவில்லை. ஓர் அறைச் சாவி யாரிடம் இருப்பது என்பதில் ஆரம்பித்தது. வளவின் இந்தப் பக்கத் தாழ்வாரத்தில் எங்கள் அடுப்பு, எதிர்த் தாழ்வாரத்தில் அவர்களுடையது. மழைத் தண்ணீர் பிடிக்க வளவில் வைக்கிற பித்தளை அண்டா மட்டும் பொது. நிறைந்துவிட்டால் ஆளுக்கொரு காதைப் பிடித்து நகர்த்துவார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள். எதிரெதிரே குனிந்திருக்கும் அந்த இரண்டு தலைகளும் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

ஓர் ஐப்பசி மத்தியானம் சித்தப்பா அந்த அண்டா பக்கத்திலேயே சரிந்தார். ஓடிவந்த அப்பச்சி சித்தியிடம் கேட்டது ஒன்றுதான்: “சாப்பிட்டானா?”

சித்தி பதில் சொல்லவில்லை.

ஊரில் எல்லாரும் திடீர் மரணம் என்றார்கள். நீங்களும் அதே சொல்லை எழுதியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது தம்பி. படத்தில் சுவரை இடித்து ஒன்றுசேர முடிகிறது. எங்கள் வீட்டில் இடிப்பதற்கு என்ன இருந்தது?

வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது, 17 பங்கு. அண்டா யார் பங்கில் வரும் என்று போன மாதம் போன் வந்தது.

படத்தை இன்னொரு தரம் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.