பழைய மோட்டார்ஹோம் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியை, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சினை விடுங்கள், நல்ல மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடுவார். இந்த வண்டிக்கு எமன் ஈரம்தான். கூரை ஜன்னலின் ஓரம், படுக்கைக்கு அடியிலுள்ள மூலை, அலமாரியின் உட்புறம் என்று ஓரிடம் விடாமல் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகை தேநீரில் நனைந்த பிஸ்கட்போல் அமுங்கினால் விலையே பேசாமல் திரும்பிவிடுங்கள். நான் அழுத்திப் பார்க்காமல் வாங்கினேன். முதல் பெருமழையிலேயே தலையணைமேல் சொட்டியது.

அடுத்தது டயர். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். அதனால் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பரில் வெடிப்பு விழும். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் அது.

லைசென்ஸையும் பாருங்கள். 1997 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்குப் பொதுவாக வண்டியும் சுமையும் சேர்த்து 3,500 கிலோதான் வரம்பு. நூறு லிட்டர் தண்ணீர் பிடித்தால் நூறு கிலோ அதிலேயே போயிற்று! நாங்கள் கால் தொட்டித் தண்ணீரோடு கிளம்பி, தங்குமிடம் சேர்ந்த பிறகே நிரப்புகிறோம். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவைக்கும்போது தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். உறைந்தால் குழாய் பிளந்துவிடும்.