துணியில் ஓட்டை போட்ட துரு

பெராக்சைடு போட்டு வெளுத்த பனியன் துணியில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள். மருந்து கூடிப்போச்சுங்களா? (திருப்பூர் வாசகர்)

ஓட்டையின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் துருவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரும்பு ஒரு வினையூக்கி. தான் தீர்ந்துபோகாமலே பெராக்சைடு சிதையும் வேகத்தைப் பல மடங்கு கூட்டிவிடும். துகள் ஒட்டிய இடத்தில் மட்டும் வினை தறிகெட்டு ஓடி நூலையே அரித்துவிடுகிறது. நான் ஒரு பட்டறையில் பார்த்த துண்டில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மெல்லிய காவி வளையம். அண்ணாந்து பார்த்தால், மேலே போன நீராவிக் குழாய் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது! குழாயைச் சரிசெய்யுங்கள், போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

அப்புறம், வெளுத்த பின் மிச்சப் பெராக்சைடை முறிக்க ஊற்றும் ‘கில்லர்’ என்சைமும் வினையூக்கிதான். அதைக் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றி வீணாக்காதீர்கள். என்சைம் ஒரு புரதம். சூட்டில் முட்டை போல உருக்குலைந்துவிடும். தண்ணீரை ஆறவிட்டு, டப்பாவில் போட்டிருக்கும் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள்.

குக்கரில் மட்டும் பருப்பு எப்படி இவ்வளவு சீக்கிரம் வேகிறது? (பெருந்துறை வாசகி)

உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகிறது. பல வினைகளுக்குப் பத்து டிகிரிக்கு வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தோராயக் கணக்கு. இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. இதில் எனக்கு இன்றும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. பத்து டிகிரி கூடினால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் இரண்டு சதவீதம்கூட ஏறாது. ஆனால் மோதி வினைபுரியத் தேவையான ஆற்றல் உள்ளவற்றின் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். 1889இல் ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் சொன்ன விளக்கம் இதுதான்.

மில்லில் தீப்பிடித்தால் பஞ்சுப் பொதி கனிந்துகொண்டே கிடக்கிறது, பறக்கும் பஞ்சோ குப்பென்று பற்றுகிறதே? (கோவை வாசகர்)

காற்று படும் பரப்புதான் காரணம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு வெளிப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 60. பஞ்சுத் தூசியில் இது எங்கேயோ போய்விடும். அதனால் ப்ளோரூமில் (பொதியைப் பிரித்துப் பஞ்சைச் சுத்தம் செய்யும் அறையில்) தூசி சேரவிடுவது ஆபத்து. அணைந்ததுபோலத் தெரியும் பொதியையும் நம்பாதீர்கள், உள்ளே நாள்கணக்கில் கனியும்.

பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன்? (காங்கேயம் வாசகர்)

சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்குக் காரத்தன்மை ஆகாது. சுண்ணாம்பு இருந்தால் நொதித்தல் ஏறக்குறைய நின்றேவிடும். தடவ மறந்த கலயத்தில் வெயில் ஏறுவதற்குள் கள் வாசம் வந்துவிடும்.