ஒரே கொள்ளைநோய் ஒரு சமூகத்தைச் சாய்த்துவிட்டுப் பக்கத்துச் சமூகத்தை விட்டுவிடுவது ஏன்?

கேள்வி இது: "கொரோனா எல்லா ஊருக்கும்தான் வந்தது. சில இடங்களில் தெருவுக்கு நாலு சாவு, சில இடங்களில் ஒன்றுமே நடக்காத மாதிரி. பெருந்தொற்றின் பாதிப்பு சமூகத்துக்குச் சமூகம் இப்படி மாறுவது ஏன்? எதிர்ப்பு சக்தியா, சாப்பாடா, அதிர்ஷ்டமா?"

அதிர்ஷ்டத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. எதிர்ப்பு சக்திக்கு, வாட்ஸப்பில் சொல்லும் அளவுக்கு இல்லை. குழப்பம் 'பாதிப்பு' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. எத்தனை பேருக்குத் தொற்றியது என்பது ஒரு கணக்கு. தொற்றியவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது வேறு கணக்கு. நோயே வராதவர்கள் எதையெல்லாம் இழந்தார்கள் என்பது மூன்றாவது. இவை சேர்ந்தே ஏறி இறங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நடப்பதில்லை.

சிங்கப்பூர் டார்மிட்டரிகளைப் பாருங்கள். 2020இல் அங்கே சுமார் 3,23,000 வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்தார்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை என்று வேலை. நம்மூர் ஆட்களும் ஏராளம். ஓர் அறைக்கு 12 முதல் 20 பேர், இரட்டை அடுக்குக் கட்டில், சமையற்கட்டும் குளியலறையும் பொது. அந்த டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி அவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்றியிருந்தது. டார்மிட்டரிக்கு வெளியே வசித்தவர்களிடம் கண்டறியப்பட்டது ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரே தீவு, ஒரே வைரஸ், ஒரே சுகாதார அமைச்சு. ஆனால் அதுவரை டார்மிட்டரிவாசிகளில் கொரோனாவால் இறந்தவர்கள் 2 பேர்தான். ஒன்றரை லட்சம் பேருக்குத் தொற்றி இரண்டே சாவு என்றால், காரணம் ரத்தத்திலும் இல்லை, ரசத்திலும் இல்லை, வயதில் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனையில் தேறி, வேலை அனுமதி வாங்கி வந்த இளவட்டங்கள் அவர்கள்.

தடுப்பூசிக்கு முந்தைய கொரோனாவில் வயதின் கணக்கு ஏறக்குறைய இப்படி: 25 வயதில் 10,000 பேருக்குத் தொற்றினால் 1 சாவு. 55 வயதில் 40. 65இல் 140. 75இல் 460. 85இல் 1,500. படிப்படியாக ஏறும் கோடு இல்லை இது, பத்து வயதுக்கு மூன்று மடங்குக்கு மேல் பாய்கிறது. அதனால் இளைஞர்கள் நிறைந்த ஒரு குடிசைப் பகுதியில் பாதிப் பேருக்குத் தொற்றியும் சாவு குறைவாகத் தெரியும். முதியோர் நிறைந்த அபார்ட்மெண்ட் பகுதியில் பத்தில் ஒருவருக்குத் தொற்றினாலே ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாது. இதைப் பார்த்துவிட்டு "ஏழைகளுக்கு எதிர்ப்பு சக்தி அதிகம்" என்று ஒருவர் எழுத, பத்தாயிரம் பேர் ஃபார்வர்டு செய்வார்கள்.

சாவு இரண்டுதான் என்பதால் அந்தத் தொழிலாளர்களுக்கு இழப்பு குறைவு என்றும் சொல்லிவிட முடியாது. மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டார்கள். மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும், 2022 வரை இவர்கள் வெளியே போக அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. மூன்று கணக்கும் மூன்று திசையில் போனது இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

இனி தொற்று ஏன் சில தெருக்களில் வேகமாகப் பரவுகிறது என்பதற்கு வருவோம். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்த மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்றி முடிந்திருந்தது. அதே வார்டுகளின் மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதம். முகக்கவசம் போடாதவர்கள், சொன்னால் கேட்காதவர்கள் என்று அந்த மக்களைத் திட்டியவர்கள், பொதுக் கழிப்பறை என்ற ஒன்றை யோசித்தே பார்க்கவில்லை. காலை ஐந்தரை மணிக்கு வாளியோடு வரிசை. உள்ளே ஜன்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் முன்னால் போனவர் விட்ட மூச்சு அப்படியே நிற்கும். தாழ்ப்பாள், குழாய், வாளிக் கைப்பிடியைவிட அந்தக் காற்றுதான் ஆபத்து. கழிப்பறையை நாளைக்கு மூன்று முறை ப்ளீச்சிங் போட்டுக் கழுவுவது நல்லதுதான். ஆனால் கூரைக்குக் கீழே காற்றுப் போக்கி இல்லாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

"வீட்டிலேயே தனிமையில் இருங்கள்" என்ற அறிவுரைக்குத் தனி அறை வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும், சாப்பாட்டை வாசலில் வைக்க ஓர் ஆள் வேண்டும், 14 நாள் கூலி இல்லாமல் அடுப்பு எரிய வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டில் இதில் எதுவும் கிடையாது. தாராவியில் இது சீக்கிரமே புரிந்துவிட்டது. வீட்டுத் தனிமையை நம்பாமல் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், விளையாட்டு அரங்கம் எல்லாவற்றையும் எடுத்து, ஆட்களை வெளியே கொண்டுவந்து தங்கவைத்தார்கள். அந்தப் பகுதியிலேயே கிளினிக் வைத்திருந்த தனியார் மருத்துவர்களைக் காய்ச்சல் முகாமுக்கு அழைத்துவந்ததும் அதே அளவு முக்கியம். முகம் தெரிந்த டாக்டரிடம் சொல்லும் அறிகுறியை, கவச உடை போட்ட அந்நியரிடம் யாரும் சொல்வதில்லை.

கட்டுப்பாட்டை அறிவிக்கும் விதமே தொற்றைப் பரப்பியதும் உண்டு. சென்னையில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். நடுவில் கிடைத்தது 25ஆம் தேதி ஒரு நாள். கோயம்பேடு காய்கறிச் சந்தை நிரம்பி வழிந்தது. மே 5இல் சந்தையை மூடியபோது, வேலையில்லாமல் போன சுமைதூக்கும் தொழிலாளர்களும் கடைப் பையன்களும் காய்கறி லாரியிலேயே கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று ஊர் திரும்பினார்கள். தொற்றும் கூடவே போனது. மொத்தச் சந்தையை மூட வேண்டுமென்றால் மாற்று இடம் முதலில் தயாராக வேண்டும், தொழிலாளிக்குப் பரிசோதனையும் தங்குமிடமும் அடுத்து, பூட்டு கடைசியில். இங்கே வரிசை தலைகீழானது.

சாவுக் கணக்கில் வயதுக்கு அடுத்து நிற்பது, படுத்தவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பது. இதை 1918 இன்ஃப்ளூயன்சாவைப்போல வேறெதுவும் காட்டவில்லை. பம்பாய் நகரத்தில் அந்த ஆண்டு ஆயிரம் பேருக்கு எத்தனை இன்ஃப்ளூயன்சா சாவு என்று சமூகவாரியாகப் பதிவு இருக்கிறது. ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9.0, மற்ற இந்துக்கள் 18.9, அன்றைய அரசு 'தாழ்ந்த சாதி' என்று எழுதிவைத்தவர்கள் 61.6. அந்த ஆண்டு பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறி, கூலிக்காரர் வீட்டில் ஏற்கெனவே அரை வயிறு. ஒண்டுக் குடித்தன அறைக்குள் ஒருவர் படுத்தால் எல்லோரும் படுத்தார்கள். இந்தியாவில் அப்போது ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள், கடைசியில் சாப்பிட்டவளும் அவள். தனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை.

பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுகள் இன்னும் கொடுமையான பாடம். 1918 நவம்பர் 7ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' என்ற கப்பலை, நோயாளிகள் இருந்தும், நியூசிலாந்து ராணுவ நிர்வாகம் மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் இறங்கவிட்டது. இரண்டே மாதத்தில் சுமார் 8,500 பேர் போனார்கள், மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பக்கத்திலேயே அமெரிக்க சமோவா. அதே மொழி, அதே இனம், கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த உறவுக்காரர்கள். அங்கே ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார், ஊர்க்காரர்களே கரையைக் காவல் காத்தார்கள். ஒரு சாவுகூட இல்லை. இனத்தின் உடம்புதான் பலவீனம் என்ற வாதம் இங்கே அடிபட்டுப்போகிறது. மேற்கில் செத்தவர்கள் எல்லோரையும் வைரஸ் ஒன்றே கொல்லவில்லை. ஊரே ஒரே வாரத்தில் படுத்துவிட்டதால் தண்ணீர் மொள்ள, கிழங்கு அவிக்க நிற்கும் கால் ஒன்றுகூட இல்லாமல் போனது. பத்து வாரத்தில் பரவியிருந்தால் பாதிப்பேர் பிழைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். 'வளைவைத் தட்டையாக்குவது' என்று 2020இல் பேசியதன் பொருளும் இதுதான், எழுந்து நடமாடும் ஆள் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

கொரோனாவில் கஞ்சியின் இடத்தை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள் என்பதே உயிர்க்கணக்கானது. எப்படியென்று எண்களாகவே பார்க்கலாம். ஆம்புலன்ஸில் இருக்கும் பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் 1,500 லிட்டர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். 60 கிலோமீட்டர் தாண்டி மாவட்டத் தலைநகருக்கு வர ஒன்றரை மணி. மீதி ஒரு மணி நேரம்தான் கையில். 2021 மே மாதம் பெரிய மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் படுக்கைக்காக வரிசையில் நின்றபோது, நகரத்துக்காரர் வண்டியில் இன்னும் இரண்டு மணி நேரம் ஓடும் சிலிண்டர் இருந்தது, கிராமத்து வண்டியில் முள் சிவப்பில் இருந்தது.

வார்டுக்குள் டி டைப் ஜம்போ சிலிண்டர், 7,000 லிட்டர். சாதாரண முகமூடியில் 5 லிட்டர் ஓடினால் 23 மணி நேரம் வரும். பை வைத்த முகமூடியில் 15 லிட்டர் ஓடினால் ஏழே முக்கால் மணி. மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளும் இயந்திரம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. திரவ ஆக்சிஜன் தொட்டி உள்ள இடத்திலும் நிம்மதி இல்லை. திரவம் ஒரு லிட்டர் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். 10,000 லிட்டர் தொட்டி 100 பேருக்கு 15 லிட்டர் வீதம் நான்கு நாள் வரும், 60 லிட்டர் வீதம் ஒரே நாள். தொட்டி நிறைய இருந்தும் ஆள் மூச்சுத்திணறுவதும் உண்டு. வாயுவாக்கும் வேப்பரைசர் அதன் திறனுக்கு மேல் இழுக்கப்பட்டால் வெளியே பனி உறைந்து கட்டிக்கொள்ளும், வெப்பம் உள்ளே போகாது, குழாயில் அழுத்தம் விழும். பழைய தேவைக்குப் போட்ட மெல்லிய குழாயாக இருந்தால், தொட்டியிலிருந்து கடைசியில் இருக்கும் வார்டுதான் முதலில் தவிக்கும்.

சரியான நேரத்தில் கிளம்பினோமா என்பதற்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர். 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை, 90க்குக் கீழே அவசரம். ஆறு நிமிடம் நடந்துவிட்டுப் பார்க்கும்போது 4 புள்ளி குறைந்தாலும் கிளம்ப வேண்டும். மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல் எல்லாம் அளவைக் கெடுக்கலாம். அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு: தோல் கறுப்பாக இருந்தால் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். ஒரே கருவி, ஒரே விதி, ஆனால் ஒரு சமூகம் தாமதமாகக் கிளம்பும். ஆகவே மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் எண்ணை நம்பி உட்கார வேண்டாம்.

மூன்றாவது கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் உண்டு என்பதால் அரிசிக் கார்டு வைத்திருந்தவருக்கு ஏப்ரலில் ஆயிரம் ரூபாயும் அரிசியும் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைத்தன. அதே தெருவில் வாடகைக்கு இருந்த ஒடிசாக்காரருக்குக் கார்டு சொந்த ஊரில். பள்ளியோ, ஒன்றாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. வீட்டில் ஸ்மார்ட்ஃபோன் ஒன்றே ஒன்று, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் அந்தக் குழந்தைக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் எழுத்தே கண்ணில் படவில்லை.

உங்கள் ஊரில் இந்த வேறுபாட்டை நீங்களே சரிபார்க்க விரும்பினால் 'பாசிட்டிவ்' எண்ணிக்கையை எடுக்காதீர்கள். அது யாருக்குப் பரிசோதனை கிடைத்தது என்பதைத்தான் காட்டும். கொரோனாச் சாவு என்ற எண்ணும் அரைகுறை. 2020இல் நாட்டில் பதிவான சாவுகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. 2021 முடிய அரசு சொன்னது சுமார் 4.8 லட்சம், வழக்கமாக நேரும் சாவைவிடக் கூடுதலாக நேர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது சுமார் 47 லட்சம். அந்த மதிப்பீட்டை அரசு ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் காரணத்தாலும் நேர்ந்த மொத்தச் சாவை எடுங்கள். 2021 மே மாதத்தை 2019 மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். 2020ஐ அடிப்படையாக வைக்காதீர்கள், ஊரடங்கில் சாலை விபத்துச் சாவுகள் குறைந்துபோன ஆண்டு அது. இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், சொந்த ஊரில் இல்லை என்பதால், பெரிய மருத்துவமனை உள்ள நகரத்தில் எண் உப்பியும் கிராமத்தில் வற்றியும் தெரியும். நகராட்சிப் பதிவேட்டில் நிரந்தர முகவரிக்குத் தனிக் கட்டம் இருக்கும், அதை வைத்துப் பிரித்தெடுங்கள். கிராமத்தில் வீட்டிலேயே இறந்தவர்களில் பாட்டிமார்தான் அதிகம் விடுபடுவார்கள், அவர்கள் பெயரில் நிலமோ வங்கிக் கணக்கோ இல்லாததால் சான்றிதழ் வாங்க யாரும் போவதில்லை. அவர்களுக்கு வெட்டியானிடம் கேட்பது ஒன்றுதான் வழி.